குடல் திரும்பும் மாதம்

(புஞ்சாக் ஆலாமில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வயிற்றைப் பற்றிப் பேசுங்கள், கருவில் அது எப்படி உருவாகிறது என்பதைத் தமிழில் சொல்லுங்கள் என்று இந்த அறக்கட்டளையினர் கேட்டார்கள். உடனே ஒப்புக்கொண்டேன். குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்வது என் தொழில். தாய் வயிற்றில் இரண்டாம் மாதம் நடந்த ஒன்று, பிள்ளை பிறந்து பத்து இருபது நாள் கழித்து என் மேசைக்கு வந்து சேர்கிறது. அந்தப் பிள்ளை பிழைக்குமா என்பது பெரும்பாலும் என் கையில் இல்லை. முந்தின சில மணி நேரத்தில் வீட்டில் என்ன முடிவெடுத்தார்கள் என்பதில் இருக்கிறது. ஆகவே கருவியல் என்பது மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்து தேர்வெழுதிவிட்டு மறக்கிற பாடமாக நின்றுவிடக் கூடாது. பிள்ளையை மடியில் வைத்திருக்கிறவர்களுக்குத்தான் அது முதலில் தெரிய வேண்டும்.

செரிமான உறுப்புகள் எல்லாவற்றையும் இன்று விரித்துரைக்கப் போவதில்லை. பலவற்றை வேகமாகக் கடந்துவிட்டு, ஒரே ஒரு நிகழ்ச்சியில் அதிக நேரம் நிற்கப் போகிறேன். கருவின் குடல் வயிற்றைவிட்டு வெளியே போய், திரும்பி, மறுபடி உள்ளே வரும் நிகழ்ச்சி அது.

திருவாசகத்தில் போற்றித் திருவகவலை நீங்கள் கோயில்களில் கேட்டிருப்பீர்கள். கரு ஒவ்வொரு மாதமும் எதற்கெல்லாம் தப்பிப் பிழைக்கிறது என்று மாணிக்கவாசகர் அதில் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவார். திருமந்திரத்தின் இரண்டாம் தந்திரத்திலும் கர்ப்பக் கிரியை என்று தனிப் பகுதியே உண்டு. மாதத்துக்கு மாதம் ஆபத்து வேறு என்ற அந்தப் பார்வை இன்றைய கருவியலுக்கும் பொருந்துகிறது. குடலைப் பொறுத்தவரை ஆபத்தான காலம் இரண்டாம் மாதமும் மூன்றாம் மாதத்தின் முற்பகுதியும்தான்.

தொடங்கும் முன் கணக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிளினிக்கில் மிஸ்ஸி, அதாவது தாதி, உங்கள் கர்ப்பப் பதிவுப் புத்தகத்தில் எழுதும் வாரம், கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணப்படுவது. நான் சொல்லும் வாரங்கள் கரு தரித்த நாளிலிருந்து எண்ணியவை. இரண்டுக்கும் ஏறத்தாழ இரண்டு வாரம் வித்தியாசம். நான் ஆறாம் வாரம் என்றால், உங்கள் புத்தகத்தில் அது எட்டாம் வாரம்.

மூன்றாம் வாரத்தில் கரு மூன்று படைகள் கொண்ட தட்டையான தட்டு. நான்காம் வாரத்தில் அது மடங்குகிறது. தலைப்பக்கமும் வால்பக்கமும் உள்நோக்கி வளைய, இரண்டு விளிம்புகளும் கீழே வந்து கூடுகின்றன. கீழே இருந்த அகப்படை இப்படி உள்ளே அகப்பட்டுக் குழாயாகிறது. அந்தக் குழாய்தான் நம் குடலின் தொடக்கம். அதன் இரண்டு முனைகளும் மெல்லிய சவ்வால் மூடியிருக்கும். வாய்ப்பக்கத்துச் சவ்வு நான்காம் வாரம் முடியும்போது கிழிந்து திறக்கும். மலவாய்ப்பக்கத்துச் சவ்வு இன்னும் சில வாரம் கழித்துத்தான் திறக்கும். நடுப்பகுதி மட்டும் ஒரு சிறு குழாய் வழியாக, கருவுக்கு வெளியே இருக்கும் மஞ்சட்கருப் பையோடு இணைந்திருக்கும். குடலின் உள்தோல் அகப்படையிலிருந்து வருகிறது, சுற்றியுள்ள தசை இடைப்படையிலிருந்து வருகிறது. குடலின் நரம்புகள் எங்கிருந்து வருகின்றன என்பது தனிக் கதை. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் குழாயை முன்குடல், நடுக்குடல், பின்குடல் என்று மூன்றாகப் பிரிக்கிறோம். பெருந்தமனியிலிருந்து மூன்றுக்கும் தனித்தனியாக ஒவ்வொரு கிளை வருகிறது. உணவுக்குழாயின் கீழ்ப்பகுதி, இரைப்பை, முன்சிறுகுடலின் முற்பாதி, கல்லீரல், கணையம் எல்லாம் முன்குடலைச் சேர்ந்தவை. அங்கிருந்து பெருங்குடலின் குறுக்குப் பகுதியில் மூன்றில் இரண்டு பங்கு வரை நடுக்குடல். மிச்சம் பின்குடல். வளர்ந்த மனிதனுக்கு எண்பது வயதானாலும் இந்தப் பங்கீடு மாறுவதில்லை. வயிற்று வலி எங்கே தெரியும் என்பதையும் இதுதான் தீர்மானிக்கிறது.

குடல்வாலை எடுத்துக்கொள்ளுங்கள். அது இருப்பது வலது அடிவயிற்றில். ஆனால் அது வீங்கத் தொடங்கும்போது பிள்ளை தொப்புளைச் சுற்றித்தான் வலிக்கிறது என்று சொல்லும். குடல்வால் நடுக்குடலைச் சேர்ந்தது. நடுக்குடலின் வலியைச் சுமக்கும் நரம்புகள், தொப்புளைச் சுற்றியுள்ள தோலின் நரம்புகள் சேரும் அதே இடத்தில்தான் முதுகுத் தண்டில் சேர்கின்றன. மூளைக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. மறுநாள் வீக்கம் வயிற்றின் உட்சுவரைத் தொட்ட பிறகுதான் வலி வலது பக்கம் இறங்கி ஓரிடத்தில் நிற்கும். தொப்புளில் விளக்கெண்ணெய் தடவியதால் வலி இடம் மாறிவிட்டது, இனிக் குறைந்துவிடும் என்று காத்திருந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். வலி இடம் மாறியது நோய் முற்றியதற்கு அடையாளம். அந்த நேரத்தில் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.

முன்குடலில் நடப்பவை பல. நான்காம் வாரத்தில் அதிலிருந்தே மூச்சுக்குழாய் மொட்டுவிட்டுப் பிரிகிறது. பிரிவு சரியாக நடக்கவில்லையென்றால் உணவுக்குழாய் பாதியில் முடிந்து, அதன் கீழ்த்துண்டு மூச்சுக்குழாயோடு ஒட்டிக்கொள்ளும். இப்படிப் பிறக்கும் குழந்தையின் வாயில் எச்சில் நுரை நுரையாகப் பொங்கும், முதல் பாலிலேயே புரையேறி நீலம் பாரிக்கும். இரைப்பை தன் நெடுக்கு அச்சில் தொண்ணூறு பாகை வலமாகத் திரும்பும். இதனால்தான் இடப்பக்கத்து வேகஸ் நரம்பு இரைப்பையின் முன்புறமும் வலப்பக்கத்து நரம்பு பின்புறமும் போகின்றன. உடற்கூறு மாணவர்கள் காரணம் தெரியாமலே உருப்போடும் செய்தி அது. முன்சிறுகுடலின் துளை இரண்டாம் மாதத்தில் செல்கள் பெருகி அடைபட்டு, பிறகு மறுபடி திறக்கும். திறக்காவிட்டால் பிறவி அடைப்பு. டவுன் குறைபாடு உள்ள குழந்தைகளிடம் இதை அதிகம் காண்கிறோம். கல்லீரல் நான்காம் வாரத்தில் ஒரு சிறு மொட்டாகத் தொடங்கி அசுர வேகத்தில் வளர்கிறது. பத்தாம் வாரத்தில் கருவின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கல்லீரல்தான். கருவுக்கு வேண்டிய இரத்த அணுக்களை அப்போது அதுதான் ஆக்கித் தருகிறது.

இங்கேதான் நான் சொல்ல வந்த நிகழ்ச்சி தொடங்குகிறது.

கல்லீரல் இப்படி வளரும்போது வயிற்றில் இடமில்லை. நடுக்குடலோ வயிற்றைவிட வேகமாக நீண்டுகொண்டிருக்கிறது. ஆறாம் வாரத்தில் அது வளைந்து, தொப்புள்கொடிக்குள் புகுந்து, வயிற்றுக்கு வெளியே போய்விடுகிறது. ஒவ்வொரு மனிதனுக்கும் இது நடந்திருக்கிறது. இங்கே அமர்ந்திருக்கும் நாம் எல்லாரும் சில வாரங்கள் குடலைக் கொடிக்குள் வைத்து வளர்ந்தவர்கள். தாய்க்கு மசக்கை உச்சத்தில் இருந்து, சோற்று வாசனையே ஆகாமல் வாந்தியெடுத்துக்கொண்டிருக்கும் அதே வாரங்கள் அவை. அந்தச் சமயத்தில் ஸ்கேன் எடுத்து, கொடிக்குள் குடல் தெரிகிறதென்றால் பயப்பட வேண்டாம். உங்கள் புத்தகக் கணக்கில் பன்னிரண்டு வாரம் கடந்தும் அது உள்ளே போகாமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

வெளியே போன குடல் சும்மா இருப்பதில்லை. தனக்கு இரத்தம் தரும் தமனியையே அச்சாகக் கொண்டு, கருவை எதிரே நின்று பார்ப்பவருக்கு, கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் தொண்ணூறு பாகை திரும்புகிறது. பத்தாம் வாரத்தில் வயிற்றில் இடம் கிடைத்ததும் உள்ளே வருகிறது. வரும்போதே இன்னும் நூற்றெண்பது பாகை திரும்புகிறது. சிறுகுடலின் முற்பகுதி முதலில் வந்து இடப்பக்கம் அமர்கிறது. பெருங்குடலின் தொடக்கமும் குடல்வாலும் கடைசியாக வந்து, கல்லீரலுக்குக் கீழே தங்கி, பிறகு மெல்ல வலது அடிவயிற்றுக்கு இறங்குகின்றன. மொத்தம் இருநூற்று எழுபது பாகை. அமெரிக்க உடற்கூற்று அறிஞர் பிராங்க்லின் மால் மனிதக் கருக்களை நுணுக்கமாக ஆராய்ந்து 1890களின் இறுதியில் குடல் வளர்ச்சியைப் பதிவு செய்தார். எடின்பரோவின் நார்மன் டாட், இந்தத் திருப்பம் எங்கெங்கே தவறலாம் என்பதை 1923இல் அறுவை மருத்துவர்களுக்குப் புரியும்படி எழுதினார். நாங்கள் இன்றும் அந்த அடிப்படையில்தான் நிற்கிறோம்.

திரும்புவதால் என்ன பயன்? வளர்ந்தவருக்குச் சிறுகுடல் ஏறத்தாழ ஆறு மீட்டர். அதை முதுகுச் சுவரோடு பிணைத்திருக்கும் குடல்தாங்கியின் அடி வெறும் பதினைந்து செண்டிமீட்டர்தான். சேலைக் கொசுவம் இடுப்பில் ஒரு சாண் இடத்தில் செருகியிருக்க, கீழே கஜக்கணக்கில் விரிகிறதே, அந்த அமைப்பு. அந்த அடி, மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்குச் சாய்வாக, வயிற்றின் முழு அகலத்துக்கும் போகிறது. இரண்டு முனையும் எட்ட எட்ட இருப்பதால் குடல் எவ்வளவு நெளிந்தாலும் முறுக்கிக்கொள்ளாது. இந்த இரண்டு முனைகளையும் எட்ட எட்டக் கொண்டுபோய் வைப்பதுதான் அந்தத் திருப்பம்.

திருப்பம் பாதியில் நின்றுவிட்டால் இரண்டு முனைகளும் பக்கத்தில் பக்கத்தில் அமைந்துவிடும். குடல் முழுவதும் ஒரு ஒடுங்கிய காம்பில் தொங்கும். ஏறத்தாழ ஐந்நூறு பிறப்புக்கு ஒன்றில் ஏதோ ஓரளவு இந்தக் குறை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். பலருக்கு வாழ்நாள் முழுதும் தெரியாமலே போய்விடும். நோயாக வெளிப்படுவது ஆறாயிரத்தில் ஒன்று என்ற அளவில். அப்படி வெளிப்படுகிறவர்களில் பாதிக்கு மேல் பிறந்த முதல் மாதத்துக்குள் வருகிறார்கள். நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு ஒருநாள் அந்தக் காம்பு முறுக்கிக்கொள்கிறது. அதற்குள்தான் நடுக்குடல் முழுவதற்கும் போகும் தமனியும் திரும்பி வரும் சிரையும் இருக்கின்றன. இரத்தம் நிற்கிறது. சில மணி நேரத்தில் குடல் சாகத் தொடங்குகிறது.

அப்போது வெளியே தெரியும் ஒரே அடையாளம் பச்சை வாந்தி.

பித்தநீர் முன்சிறுகுடலின் நடுவில் வந்து சேர்கிறது. அடைப்பு அதற்கு மேலே இருந்தால் வாந்தி பால் நிறத்தில் இருக்கும். மூன்று முதல் ஆறு வாரக் குழந்தைகள் பாலைப் பீய்ச்சியடித்துக் கக்குகிறார்களே, இரைப்பையின் வாய் தடித்துப்போவதால் வருவது, அது வெள்ளை வாந்தி. அதற்கும் அறுவை வேண்டும், ஆனால் ஒரு நாள் அவகாசம் உண்டு. அடைப்பு பித்தநீர் சேரும் இடத்துக்குக் கீழே இருந்தால் வாந்தி பச்சை. பிறந்த குழந்தையின் பச்சை வாந்தியை, வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை, குடல் முறுக்காகவே நாங்கள் கருதுகிறோம். இதில் ஏமாற்றும் செய்தி ஒன்று உண்டு. தொடக்கத்தில் வயிறு உப்பியிருக்காது. தொட்டால் மெத்தென்று இருக்கும். பிள்ளையின் முகமும் பெரிதாக வாடியிருக்காது. வயிறு உப்பி, மலத்தில் இரத்தம் வந்து, பிள்ளை துவண்டு போகும்போது நேரம் கடந்திருக்கும்.

இப்படி ஒரு குழந்தையின் வயிற்றைத் திறந்தால் எங்கள் கண்ணுக்குத் தெரிவது இதுதான்: இளஞ்சிவப்பாகப் பளபளக்க வேண்டிய குடல் கருநீலமாகிக் கிடக்கும். முழுக் குடலையும் கைக்கு எடுத்து வெளியே வைக்கிறோம். ஒரு கையில் அடங்கிவிடும். முறுக்கு ஏறக்குறைய எப்போதும் கடிகாரத் திசையில்தான் இருக்கும், ஆகவே எதிர்த் திசையில் ஒரு சுற்று, தேவையானால் இன்னொரு சுற்று, இன்னும் ஒன்று என்று பிரிக்கிறோம். பிறகு வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியால் மூடிவிட்டுக் காத்திருக்கிறோம். அறையில் யாரும் பேசமாட்டார்கள். துணியை எடுக்கும்போது நீலம் வெளிறி, ஓரங்களில் சிவப்பு ஊறி, குடல் ஒரு புழுவைப்போல் நெளியத் தொடங்கினால் அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போகும். கறுப்பு மாறாவிட்டால் செத்த பகுதியை வெட்டியெடுக்க வேண்டும். மிஞ்சும் குடல் போதாவிட்டால் ஊட்டத்தைச் சிரை வழியாகவே கொடுத்து அந்தக் குழந்தையை வளர்க்க வேண்டியிருக்கும்.

இந்த அறுவைக்கு வில்லியம் லாட் என்ற பாஸ்டன் மருத்துவரின் பெயர். 1936இல் அவர் எழுதிய முறையை இன்றும் பின்பற்றுகிறோம். அதில் என்னை எப்போதும் வியக்க வைப்பது, இயற்கை பாதியில் விட்ட திருப்பத்தை அவர் முடித்து வைக்க முயலவில்லை. முறுக்கைப் பிரித்து, குறுக்கே கட்டியிருக்கும் சவ்வுகளை வெட்டி, காம்பை முடிந்த அளவு அகலமாக்கி, சிறுகுடலை முழுவதும் வலப்பக்கத்திலும் பெருங்குடலை முழுவதும் இடப்பக்கத்திலும் வைத்துவிடுகிறார். திருப்பம் பெரும்பாலும் நடக்காத கருவின் அமைப்பு அது. அப்படி வைத்தால் அடி அகலமாகிறது, மறுபடி முறுக்கும் வாய்ப்பு குறைகிறது. குடல்வாலையும் எடுத்துவிடுகிறோம். இடப்பக்கம் போய்விட்ட குடல்வால் பிற்காலத்தில் வீங்கினால் எந்த மருத்துவரும் சந்தேகப்படமாட்டார் என்பதால். இப்படிச் சிகிச்சை பெற்றவர்கள் வளர்ந்து, சாதாரணமாகச் சாப்பிட்டு, வேலைக்குப் போய், பிள்ளை பெற்று வாழ்கிறார்கள்.

நம் வீடுகளில் கைக்குழந்தை ஓயாமல் அழுது பாலைக் கக்கினால் பாட்டிமார் உரம் விழுந்திருக்கிறது என்பார்கள், குடலேற்றம் என்பார்கள், மாந்தம் என்பார்கள். உரம் எடுக்க ஒருவரிடம், வயிறு தட்ட இன்னொருவரிடம் என்று தூக்கிக்கொண்டு போவார்கள். வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவுவார்கள். தோட்டத்து லயங்களில் டாக்டர் என்றால் பல மைல் தள்ளி, டிரஸர் எனப்படும் மருத்துவ உதவியாளர் ஒருவர்தான் எல்லாவற்றுக்கும் என்றிருந்த காலத்தில், பிள்ளையைத் தொட்டுப் பார்த்து ஆறுதல் சொன்ன கைகள் அவர்களுடையவை. அந்தக் கைகளை நான் மதிக்கிறேன். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: வாந்தி பச்சையாக இருந்தால் தொடாதீர்கள். அடுத்த வீட்டுப் பாட்டி வரட்டும், மாப்பிள்ளை ஷிப்ட் முடிந்து வரட்டும், விடியட்டும் என்று இருக்காதீர்கள். பாலை நிறுத்திவிட்டு உடனே புறப்படுங்கள்.

முன்பு, இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்தோ ஜெராமிலிருந்தோ கோலாலம்பூர் போவது பெரும்பாடு. 2011இல் லத்தார் நெடுஞ்சாலை திறந்த பிறகு நிலைமை வேறு. இந்தப் புஞ்சாக் ஆலாமிலேயே மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அல்-சுல்தான் அப்துல்லா மருத்துவமனை இருக்கிறது. கிள்ளானில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. குழந்தைகளுக்கான அறுவைப் பிரிவு கோலாலம்பூர் துங்கு அசிசா மருத்துவமனையில் இருக்கிறது. சாலை தயார், ஆஸ்பத்திரி தயார். வீட்டு வாசற்படியில் போகும் மணி நேரங்களைத்தான் நாம் இன்னும் குறைக்கவில்லை.

தொப்புள்கொடிக்கும் குடலுக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. நடுக்குடலை மஞ்சட்கருப் பையோடு இணைத்த சிறு குழாய் இரண்டாம் மாதத்திலேயே மறைந்துவிட வேண்டும். நூறில் இருவருக்கு அதன் அடிப்பகுதி மட்டும் சிறுகுடலில் ஒரு சிறு பையாகத் தங்கிவிடும். ஜெர்மானிய அறிஞர் மெக்கலின் பெயரால் அதை அழைக்கிறோம். பெரும்பாலும் தொல்லை தராது. சில பிள்ளைகளுக்கு வலியே இல்லாமல் மலத்தில் நிறைய இரத்தம் போகும், அப்போது இதை நினைக்க வேண்டும். கொடி காய்ந்து விழுந்ததும் அதைத் தாயத்தில் அடைத்துப் பிள்ளை இடுப்பில் கட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. கட்டுங்கள். விழுந்த இடத்தையும் சில நாள் பாருங்கள். தொப்புள் ஆறாமல் ஈரமாகவே இருந்து மலம் கசிந்தால் அந்தக் குழாய் மூடவில்லை என்று அர்த்தம். கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை மாமனுக்கு ஆகாது என்று பேசிப் பிறந்த வீட்டு உறவைக் கெடுத்துக்கொள்வதை மட்டும் விட்டுவிடுங்கள். கொடி சுற்றுவது மிகச் சாதாரணமாக நடப்பது, மாமனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இவற்றையெல்லாம் தமிழில் சொல்ல முடியுமா என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வரலாறு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். கட்டர் என்பவரின் உடற்கூற்று நூல் அவருடைய முயற்சியால் 1850களில் தமிழில் அச்சேறியது. பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம் என்று தொடர்ந்து நூல்கள் வந்தன. நோயாளியின் மொழியில் படித்தவனே நோயாளியின் ஊரில் தங்கி வைத்தியம் செய்வான் என்ற நம்பிக்கையில் உழைத்த மனிதர் அவர். மலேசியத் தமிழ்ப் பத்திரிகைகளில் மருத்துவப் பக்கம் எழுதுகிறவர்கள் அந்த நூல்களை ஒருமுறையாவது புரட்டிப் பார்க்க வேண்டும். நமக்குத் தேவையான சொற்களில் பாதி அங்கே ஏற்கனவே கிடக்கின்றன.

இனி நரம்புகள். குடலின் சுவரில் பல கோடி நரம்புச் செல்கள் இருக்கின்றன. உணவைக் கீழே தள்ளுவது அவற்றின் வேலை. அவை குடலில் பிறப்பதில்லை. கருவின் கழுத்துப் பக்கத்தில், தண்டுவடம் உருவாகும் விளிம்பில் பிறந்து, குடலின் மேல்முனைக்குள் நுழைந்து, ஐந்தாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரத்துக்குள் கடைசிவரை நடந்தே போகின்றன. குடல் நீண்டுகொண்டே இருக்க, அவை அதைத் துரத்திக்கொண்டே போக வேண்டும். வழியில் நின்றுவிட்டால், அதற்குக் கீழே உள்ள குடல் தளர்ந்து வழிவிடாது, இறுகியே கிடக்கும். மேலே உள்ள நல்ல குடல் தள்ளித் தள்ளி வீங்கும். கோப்பன்ஹேகன் மருத்துவர் ஹிர்ஷ்ஸ்ப்ரூங் 1886இல் இதை விவரித்தபோது வீங்கிய பகுதிதான் நோயுற்றது என்றே எல்லாரும் நினைத்தார்கள். ஒல்லியாக, பார்வைக்கு நன்றாக இருக்கும் கீழ்ப்பகுதியில்தான் நரம்பு இல்லை என்பது உறுதியாகி, அதை நீக்கி நல்ல குடலை மலவாயோடு இணைக்கும் அறுவையை ஆர்வார் ஸ்வென்சன் 1948இல் எழுதினார். ஐயாயிரம் பிறப்பில் ஒன்றுக்கு இது வருகிறது. ஆண் பிள்ளைகளுக்கே அதிகம்.

நிறைமாதக் குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பிறந்த இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் கருமலம் கழித்துவிடும். இப்போது பல தாய்மார்கள் பிரசவமான மறுநாளே வீடு திரும்பிவிடுகிறார்கள். ஆகவே அந்த முதல் கருமலம் எத்தனை மணிக்கு வந்தது என்று குறித்து வையுங்கள். வீட்டுக்கு வரும் மிஸ்ஸியிடம், கேட்காவிட்டாலும், அதைச் சொல்லுங்கள். இரண்டு நாளாகியும் வரவில்லையென்றால் சோப்புத் துண்டு, வெற்றிலைக் காம்பு என்று எதையும் வைக்காமல் பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வாந்திக்கும் அப்படித்தான். பச்சையா, மஞ்சளா, பார்த்தவர் ஒருவர் வந்தவர் இன்னொருவர் என்று அவசரப் பிரிவில் குழப்பம் வரும். விளக்கு வெளிச்சத்தில் சரியாகத் தெரியவில்லை என்பார்கள். பிள்ளை வாந்தியெடுத்த துணியைத் துவைத்துவிடாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையோடு எடுத்து வந்து, மருத்துவரிடம் விரித்துக் காட்டுங்கள்.